அத்தையின் பிஸ்கட் டின்

தாப்பாவில் பசியாறிக்கொண்டிருக்கும்போதே அத்தையின் மூன்றாவது அழைப்பு வந்துவிட்டது. "எங்கய்யா இருக்கீங்க? இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பன்னெண்டே காலுக்கெல்லாம் கவுண்டர மூடிருவாங்க." என் தட்டில் பாதித் தோசை மிச்சம் இருந்தது. மச்சான் காசு கொடுத்துவிட்டுக் காரில் ஏறி இன்ஜினையும் முடுக்கிவிட்டான்.

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துகிறவனுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைப்பது லேசான காரியமில்லை. ஆனால் மச்சான் கேட்ட விதம் அப்படி. அத்தைக்கு அவன் ஒரே மகன், கோலாலம்பூரில் கணினி வேலை. "அப்பாவோட நிலத்துல நாலு ரூம் கட்டி ஃபார்ம்ஸ்டே போடலாம்னு நான் கணக்கு போட்டு வச்சிருக்கேன். அம்மா என்னடான்னா வித்துடப் போறேன்னு நிக்கிறாங்க. நீ வந்து பேசு மச்சான். ரேடியோவுல வர்ற ஆளு, நீ சொன்னா கேப்பாங்க." ரேடியோவில் வருகிற ஆளுக்குப் பாட்டுப் போடத் தெரியும், மணி சொல்லத் தெரியும், எந்த நெடுஞ்சாலையில் நெரிசல் என்று சொல்லத் தெரியும். நிலத்தைப் பற்றி என்ன தெரியும்? அதை அவனிடம் சொல்லவில்லை. கேமரன் மலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. குளிருக்கு ஆசைப்பட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன்.

தாப்பா சாலை இன்னும் அதே பழைய சாலைதான். 59ஆம் எண் கூட்டரசு சாலை. லாத்தா இஸ்கண்டார் அருவியில் வழக்கம்போல் கார்கள் வரிசைகட்டி நின்றன. ஓரத்தில் பூர்வக்குடி மக்கள் பெத்தாயும் தேனும் வைத்துக் காத்திருந்தார்கள். வளைவுக்கு வளைவு காது அடைக்கிறது, கொட்டாவி விட்டால் திறக்கிறது. சின்ன வயதில் தாத்தாவைப் பார்க்க வரும்போது இந்தச் சாலையில் நான் வாந்தி எடுக்காத இடமே இல்லை என்பார் அப்பா.

ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதிக்கு வந்தது 1885இல். அவர் பெயர்தான் மலைக்கு நிலைத்தது. ஆனால் மலையை மலைவாசத் தலமாக்க முடிவெடுத்தவர் 1925இல் இங்கே வந்து பார்த்த சர் ஜார்ஜ் மெக்ஸ்வெல். அதற்குப் பிறகுதான் சாலை வந்தது, தானா ராத்தாவில் பயிர்ச் சோதனை நிலையம் வந்தது. எந்தப் பக்கம் விவசாயம், எந்தப் பக்கம் நிர்வாகம், எங்கே குடியிருப்பு, எங்கே பொழுதுபோக்கு என்று மலையைப் பகுதி பகுதியாகப் பிரிக்கும் ஏற்பாடும் அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. இன்று நாம் 'ஸோனிங்' என்று முகம் சுளிக்கிற சமாச்சாரத்துக்கு இந்த மலையில் ஏறக்குறைய நூறு வயது.

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கையில் தேயிலை பழகிய ஏ.பி. மில்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம். காட்டை வெட்டி, சரிவில் வரிசை பிடித்து, கொழுந்து கிள்ளியது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை வாசிக்கும் பல குடும்பங்களுக்கு அந்த வரிசைகளில் ஒரு பாட்டி இருப்பார். எனக்கும் இருந்தார்.

ரிங்லெட்டில் அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். தலையில் கம்பளித் தொப்பி, கையில் நீல நிற பிஸ்கட் டின். அந்த டின்னை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். உள்ளே பிஸ்கட் இருந்து நான் பார்த்ததே இல்லை.

டிசம்பர் 31

காரில் போகும்போதே டின்னைத் திறந்தார். மேலே மாமாவின் இறப்புச் சான்றிதழ். அதற்குக் கீழே ரப்பர் வளையம் போட்ட ரசீதுக் கட்டு. மாமா தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், பதினெட்டு வருடம் அங்கேயே வேலை செய்தவர். 'தோட்டத்து வீடு வேலை இருக்கிற வரைக்கும்தான், வேலை முடிஞ்சா சாவியக் கொடுத்துடணும்' என்பதை வாழ்க்கையில் பயந்த ஒரே விஷயமாகச் சொல்வார். 1980களின் நடுவில் துணிந்து வெளியே வந்து, ரிங்லெட்டுக்கு மேலே சரிவில் ஓர் ஏக்கர் நிலத்தில் முட்டைக்கோஸ் போட்டார். பிறகு தக்காளி, பிறகு சௌசௌ. 'நம்ம நிலம்' என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். தீபாவளிக்கு வந்தால் 'நம்ம நிலத்துக்குப் போயிட்டு வரலாம்' என்று கிளம்புவோம்.

ஒவ்வொரு ரசீதும் ஒரு வருடம். சிலவற்றில் மண் கறை. சிலவற்றின் பின்பக்கம் மாமா உரக்கடைக் கணக்கு எழுதியிருந்தார்.

அபுவைத் தாண்டும்போது ஏரி தெரிந்தது. சுல்தான் அபு பக்கார் அணைக்கட்டின் நீர்த்தேக்கம். பச்சையாகவோ நீலமாகவோ இருக்க வேண்டிய தண்ணீர் பால் அதிகம் ஊற்றிய தேநீர் நிறத்தில் கிடந்தது. மேலே திறந்து போட்ட சரிவுகளின் மண்ணெல்லாம் மழையோடு இறங்கி இங்கேதான் வந்து சேர்கிறது. தூர் வாரிக்கொண்டே இருக்கிறார்கள். வாரிய இடத்தில் மறுபடி வந்து படிகிறது.

தானா ராத்தா நில அலுவலகத்தில் எங்கள் எண் வர முக்கால் மணி நேரம் ஆனது. கவுண்டரில் இருந்த பெண்மணி பொறுமைசாலி. அத்தையின் கட்டை வாங்கி, ஒவ்வொரு தாளாகப் புரட்டி, மலாயில் நிதானமாகப் பேசினார். அவர் சொன்னதை நான் நிகழ்ச்சிக் குறிப்பு எழுதுகிற நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு வீட்டுக்கு வந்து தேசிய நிலச் சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அது. தூக்கம் வராதவர்களுக்கு நான் சிபாரிசு செய்வேன், ஆனால் சில பிரிவுகள் தூக்கத்தைக் கெடுக்கும்.

மாமாவிடம் இருந்தது டி.ஓ.எல்., மலாயில் லெசென் பெண்டுடுக்கான் செமெந்தாரா. தற்காலிகக் குடியிருப்பு உரிமம். பெயரிலேயே 'தற்காலிகம்' இருக்கிறது, நாம்தான் அந்தச் சொல்லை வாசிக்காமல் தாண்டிப்போகிறோம். நிலம் மாநில அரசினுடையது. அதில் பயிர் செய்துகொள்ள அனுமதி மட்டும் உங்களுக்கு. வருடத்தின் எந்த மாதத்தில் வாங்கினாலும் அந்த டிசம்பர் 31ஆம் தேதி அது முடிந்துபோகும். புதுப்பித்தால் அடுத்த வருடம், இல்லையென்றால் இல்லை. நாற்பது வருடம் தொடர்ந்து புதுப்பித்தாலும் அது நாற்பது வருட உரிமை ஆகாது. ஒரு வருட அனுமதி நாற்பது முறை கிடைத்ததாகத்தான் கணக்கு.

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டதும் அத்தையின் கை டின் மூடியில் அப்படியே நின்றுவிட்டது. இந்த உரிமத்தை யாருக்கும் மாற்றித்தர முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால், இறந்த அன்றே உரிமமும் முடிந்தது. சட்டத்தின் 68ஆம் பிரிவு. மனைவிக்குப் போகாது, மகனுக்குப் போகாது, உயில் எழுதினாலும் போகாது.

மாமா இறந்து அப்போது இரண்டு வருடம் நான்கு மாதம்.

"ஆனா நாங்க பணம் கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்?" என்று அத்தை கட்டின் மேலிருந்த கடைசி இரண்டு தாள்களை எடுத்து நீட்டினார். பெண்மணி அவற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பழைய ரசீது ஒன்றைப் பக்கத்தில் வைத்து எங்கள் பக்கம் திருப்பினார். பழையதில் அரசாங்கச் சின்னம், வரிசை எண், அச்சடித்த தொகை. புதியதில் கறுப்பு மையால் கையெழுத்து, 'டித்தெரிமா' என்று ஒரு சொல், தொகை, தேதி. நகலெடுத்த தாள். மாமா போன பிறகு ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார். 'நீங்க அலையாதீங்க அக்கா, நான் ஆபீசுல பேசிக் கட்டிடறேன்' என்று வருடத்துக்கு 3,000 வெள்ளி வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் பணம் இந்தக் கவுண்டருக்கு வரவேயில்லை.

அவர்தான் அத்தைக்கு விற்கிற யோசனையையும் கொடுத்தவர். ஆளையும் பிடித்துக் கொடுத்திருக்கிறார். ஈப்போவில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், சேமநிதிப் பணத்தில் குளிர்ந்த இடத்தில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர். முன்பணமாக 5,000 வெள்ளி கொடுத்துவிட்டார். அது இத்தனை நேரமும் பிஸ்கட் டின்னில், ரசீதுகளுக்கு அடியில், ஒரு பழுப்பு உறைக்குள் இருந்தது. அத்தை அதைச் சொன்னது கவுண்டரிலிருந்து வெளியே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான்.

மச்சான் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய நாலு அறைகளும் போய்விட்டன என்பது அவனுக்குப் புரிந்திருந்தது.

மண் எழுதிய அறிக்கை

இரவு அத்தை வீட்டில் தூக்கம் வரவில்லை. மழை பெய்தால் ரிங்லெட்டில் யாருமே சரியாகத் தூங்குவதில்லை என்றார் அத்தை. 2013 அக்டோபர் 23, நள்ளிரவு தாண்டிய நேரம். கனமழையில் அணை நிரம்பி, தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் கார்களும் சேற்றோடு போயின, உயிர்களும் போயின. ஒரு வருடம் கழித்து, 2014 நவம்பர் 5ஆம் தேதி, மறுபடி சேற்று வெள்ளம், மண்சரிவு, மறுபடி இறப்பு. அப்போது நான் செய்திப் பிரிவில் புதிது. ரிங்லெட் என்ற பெயரை வாசிக்கும்போது குரல் தடுமாறி, ஆசிரியரிடம் திட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகுதான் 'ஓப்ஸ் காடிங்' என்ற நடவடிக்கை வந்தது. அனுமதியில்லாமல் திறந்த நிலங்களைத் தேடித் தேடி மூடினார்கள். ஒரு விநோதம் பாருங்கள். அந்தச் சமயத்தில் கேமரன் மலையின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜி. பழனிவேல். அவரேதான் நாட்டின் இயற்கை வளம், சுற்றுச்சூழல் அமைச்சர். தொகுதிக்காரரே துறை அமைச்சர், இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் விவசாயமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. யாருக்கு எந்தச் சரிவைத் தருவது, எதைத் தரக்கூடாது என்று முடிவெடுக்கும் கை குவாந்தானில் இருக்கிறது, புத்ராஜெயாவில் இல்லை. நம் ஆட்கள் நிலப் பிரச்சினை என்றால் எம்.பி.யிடம்தான் முதலில் ஓடுகிறோம். எம்.பி. கடிதம் எழுதலாம். கையெழுத்துப் போட வேண்டியவர் வேறொருவர்.

மறுநாள் காலை நிலத்தைப் பார்க்கப் போனோம். மூன்று மாதமாக ஆள் வைக்காததால் புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. சௌசௌ கொடி மட்டும் பந்தலில் சொன்ன பேச்சைக் கேட்டுக் காய்த்துத் தொங்கியது. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எதிர்ச்சரிவு முழுவதும் வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரங்கள். அதற்கு அப்பால், மலையின் தோளில், தேயிலை.

இரண்டும் விவசாயம்தான். ஆனால் மலைக்கு இரண்டும் ஒன்றல்ல. தேயிலைச் செடி ஒருமுறை வேர் பிடித்தால் பல தலைமுறைக்கு நிற்கிறது, மண்ணை இறுக்கிக்கொள்கிறது. முட்டைக்கோசுக்கு ஒவ்வொரு போகத்துக்கும் மண்ணைக் கிளற வேண்டும். 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம் இதைத்தான் சொல்கிறது. 'குன்று நிலம்' என்று அரசிதழில் அறிவித்த இடத்தில், அனுமதியில்லாமல் குறுகிய காலப் பயிர் வைக்கக்கூடாது. அறுபது வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். எழுதியதற்கும் எதிர்ச்சரிவில் தெரிந்ததற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அந்த ஏரியின் நிறமே காட்டுகிறது.

அதற்காக விவசாயியை மட்டும் குற்றவாளியாக்க என்னால் முடியவில்லை. ஒரு வருடத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் தாளை வைத்துக்கொண்டு யார் பத்து வருடம் நிற்கும் தடுப்புச் சுவர் கட்டுவார்? யார் படிக்கட்டு வரப்புக்குச் செலவழிப்பார்? அடுத்த டிசம்பர் வரை எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுக்கத்தான் தோன்றும். மாமா மட்டும் என்னவோ கல் அடுக்கி நான்கு வரப்புக் கட்டியிருந்தார். மச்சான் அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிராண்ட் உள்ள விவசாய நிலமா வாங்கினா கட்டலாம்ல?" என்றான் திடீரென்று.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி எங்கள் நிலையத்து வாட்ஸ்அப்பிலும் மாதம் ஒரு தடவை வருகிறது.

கிராண்ட் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று, பாதிதான். முதலில் அந்தத் தாளில் எண்ணுக்கு முன்னால் என்ன எழுத்து என்று பாருங்கள். ஜி.எம். அல்லது கெரான் என்றால் நிரந்தர உரிமை. பி.எம்., பி.என். என்றால் குத்தகை, எத்தனை வருடம் மிச்சம் என்று பார்க்க வேண்டும். எச்.எஸ். என்று தொடங்கினால் இறுதி அளவை இன்னும் முடியவில்லை. அடுத்து 'கத்தகோரி' என்ற வரி. பெர்த்தானியான், பங்குனான், இண்டஸ்ட்ரி. விவசாயம், கட்டடம், தொழில்துறை. அதற்குக் கீழே 'ஷாராட் ஞாத்தா', அதாவது வெளிப்படையான நிபந்தனை. தேயிலை மட்டும், காய்கறி மட்டும், பழமரம் மட்டும் என்றுகூட அதில் இருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமல்தான் பாதிப் பேர் பணம் கொடுக்கிறார்கள்.

விவசாய வகை நிலத்தில் உரிமையாளர் குடியிருக்க வீடு, விளைச்சலை வைக்கக் கொட்டகை, வேலையாட்கள் தங்க இடம் போன்றவற்றைச் சட்டம் அனுமதிக்கிறது. வாடகைக்கு விடும் நான்கு அறைகள் அந்தக் கணக்கில் வராது. அதற்கு 124ஆம் பிரிவின் கீழ் நில அலுவலகத்தில் மனு போட்டு வகையையோ நிபந்தனையையோ மாற்ற வேண்டும், அதற்கு பிரீமியம் கட்ட வேண்டும். நிபந்தனையை மீறினால் நிலத்தையே மாநிலம் எடுத்துக்கொள்ள முடியும்.

நில அலுவலகம் சம்மதித்தாலும் கதை முடியாது. சாலைக்கு அந்தப் பக்கம் மாவட்ட மன்றம் இருக்கிறது. அவர்களிடம் 'ரஞ்சாஙான் தெம்பாத்தான்', உள்ளூர்த் திட்ட வரைபடம். உங்கள் கிராண்டில் கட்டடம் என்று இருந்து, வரைபடத்தில் அந்த இடம் சுற்றுச்சூழல் கூர்மண்டலமாக வண்ணம் தீட்டியிருந்தால், வரைபடத்தின் பேச்சு பெரிது. கேமரன் மலையில் உயரமும் சரிவும் அந்த வண்ணத்தை முடிவு செய்கின்றன. 25 பாகைக்கு மேல் சரிவு என்றாலே கேள்விகள் கூடும், 35 பாகையைத் தாண்டினால் கட்டுவதை மறந்துவிடுவது உத்தமம். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி 'கெபெனாரான் மெரஞ்சாங்' என்ற திட்ட அனுமதி இல்லாமல் கட்டினால் 500,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. அதற்குப் பிறகு கட்டட வரைபட ஒப்புதல், அதற்குப் பிறகு தொழில் உரிமம்.

"நாலு ரூமுக்கா இவ்வளவு?" என்றான்.

நாலு ரூமுக்கும்தான்.

இன்னொன்றையும் அவனிடம் சொன்னேன். சமூக ஊடகத்தில் 'குளு குளு மலையில் 5,000 சதுர அடி பழத்தோட்ட லாட், தனி கிராண்ட்' என்று விளம்பரம் ஓடுகிறது. விவசாய நிலத்தை ஒரு ஹெக்டரில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் கீழே, பிரித்துத் தனிப் பட்டயம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. அப்படியானால் அந்த 5,000 சதுர அடி எங்கே இருக்கிறது? விளம்பரத்தில் இருக்கிறது. நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி', அதிகாரபூர்வத் தேடல், போட்டுப் பார்க்க ஆகும் செலவு ஒரு குடும்பம் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஸ்ட்ராபெரி சாப்பிடும் செலவைவிடக் குறைவு. யார் பெயரில், எந்த வகையில், எந்த நிபந்தனையில், வங்கிக் கடன் உண்டா, தடை மனு உண்டா, எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை சௌசௌ பறித்து ஒரு பை நிரப்பிவிட்டார். "யாரு நிலமா இருந்தா என்ன, காய் முத்திப் போயிரும்ல" என்றார்.

சிம்பாங் பூலாய் வழி

ஈப்போ போவது என்று முடிவானது. அத்தைதான் முடிவெடுத்தார். "அந்த வாத்தியாரு பணம் எங்கிட்ட இருக்கக் கூடாது." உறையை என்னிடம் கொடுத்தார். டின்னை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "ரசீது வாங்கிட்டு வா தம்பி" என்றார்.

பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி கோயிலுக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றோம். மச்சான் இறங்கிக் கும்பிட்டான், நான் காரிலிருந்தே. அப்புறம் சுங்கை பாலாஸ் பக்கம் ஏறி ஒரு தேநீர் குடித்தோம். உலகத்துச் சுற்றுப்பயணிகள் எல்லாரும் ஒரே கோணத்தில் நின்று படம் எடுக்கிற இடம். அழகுதான், மறுக்க முடியாது. சீப்பால் வாரிய தலை மாதிரி வரிசை வரிசையாகச் சரிவு. கொழுந்து வெட்டுகிறவர்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் அதிகம். நம் ஆட்கள் கீழே நகரத்துக்குப் போய்விட்டார்கள், அல்லது மாமா போல மேலேயே காய்கறிக்கு மாறிவிட்டார்கள். என் பாட்டி இந்த மலையின் ஏதோ ஒரு சரிவில் கூடை சுமந்தவர். எந்தச் சரிவு என்று கேட்டு வைத்துக்கொள்ள எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

கோலா தெர்லாவைக் கடக்கும்போது மச்சான் காரின் வேகத்தைக் குறைத்தான். 2019 ஜூலையில் செய்தியாக நான் வாசித்த இடம். சுங்கை ஈச்சாட் பகுதியில் காய்கறித் தோட்டங்களை மாநில அதிகாரிகள் இயந்திரம் கொண்டு அகற்றினார்கள். அது அனுமதியில்லாத நிலம், குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் ஆறு மாசுபடுகிறது என்றது மாநில அரசு. பல பத்தாண்டுகளாகப் பயிர் செய்கிறோம், அப்பன் காலத்திலிருந்து இருக்கிறோம் என்றார்கள் விவசாயிகள். இரண்டு பக்கமும் சொன்னது பொய்யில்லை என்பதுதான் அந்தச் செய்தியில் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆற்றைக் குடிக்கிற ஊர் இருக்கிறது. அப்பன் காலத்து வரப்பும் இருக்கிறது.

ஆனால் நீதிமன்றத்தில் அப்பன் காலம் எடுபடாது. 1982இல் சிடேக் வழக்கு என்று ஒன்று. பேராக்கில் அரசு நிலத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் தொடுத்தது. அனுமதியின்றிக் குடியேறியவருக்குச் சட்டத்திலும் உரிமையில்லை, நியாயத்தின் பெயரிலும் உரிமையில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேசிய நிலச் சட்டத்தின் 48ஆம் பிரிவும் அதே குரல்தான். எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாலும் அரசு நிலம் உட்கார்ந்தவருடையதாக ஆகாது. நம் நாட்டில் நிலம் என்பது பதிவேட்டில் இருக்கும் பெயர். வியர்வைக்கு அதில் பத்தி கிடையாது.

சிம்பாங் பூலாய் சாலை தாப்பா சாலை மாதிரி இல்லை. அகலம், வளைவு குறைவு, வாந்தி வராது. கம்போங் ராஜாவைத் தாண்டியதும் மச்சான் பேச ஆரம்பித்தான். அத்தையிடம் கவுண்டர் பெண்மணி கடைசியில் ஒன்று சொல்லியிருந்தார். இப்போது மாநிலம் எந்த ஏற்பாட்டில் விவசாய நிலத்தைத் தருகிறதோ, அதன் கீழ் உங்கள் பெயரிலோ மகன் பெயரிலோ புதிதாக விண்ணப்பம் போடலாம். கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பம் போட்டால் உங்கள் பெயர் எங்கள் கோப்பில் இருக்கும், இப்போது அதுகூட இல்லை. மச்சான் தன் பெயரில் போடப் போகிறேன் என்றான். அறை கட்டவா என்று கேட்டேன். "இல்ல, சௌசௌதான்" என்றான். சனிக்கிழமை தோறும் கோலாலம்பூரிலிருந்து வந்து சௌசௌ பார்த்துக்கொள்ளப் போகிறானாம். நம்பிக்கை இல்லாமல்தான் தலையாட்டினேன். இடைத்தரகர் மேல் போலீஸ் புகார் கொடுப்பதா என்பதில் அம்மாவுக்கும் மகனுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. 'பாவம், பிள்ளைகுட்டிக்காரன்' என்கிறார் அத்தை. நான் மகன் கட்சி.

ஆசிரியர் ஈப்போவில் ஒரு மூலை வீட்டில் இருந்தார். பறவைக் கூண்டு, ரோஜாத் தொட்டிகள், வாசலில் மாவிலை. நான் யார் என்று சொன்னதும், "காலையில கேக்கிற குரல்தான்" என்று சந்தோஷப்பட்டார். வந்த காரணத்தைச் சொன்னதும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். உரிமம் என்றால் என்ன, 68ஆம் பிரிவு என்றால் என்ன என்று நோட்டைப் பார்த்து விளக்கினேன். முப்பது வருடம் பாடம் நடத்தியவர், நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"அந்தத் தம்பி எனக்கு ஒரு பத்திரம் காட்டினாரே, முத்திரையெல்லாம் இருந்துச்சே."

போன வாரம் மீதிப் பணத்துக்கு வங்கிக்குப் போயிருக்கிறார். அன்று கணினி வேலை செய்யவில்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவர் மனைவி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எங்களுக்கல்ல, அவருக்கு.

உறையைப் பிரித்து இரண்டு தடவை எண்ணினார். 5,000 சரியாக இருந்தது. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பள்ளிக்கூடக் கோடிட்ட தாள் ஒன்றை எடுத்து, தேதி போட்டு, தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, கீழே கையெழுத்திட்டு, தன் அடையாள அட்டை எண்ணையும் சேர்த்து எழுதினார். முத்து முத்தான கையெழுத்து. ஈரம் காய ஊதிவிட்டு என்னிடம் நீட்டினார்.

மூன்று நாள் கழித்து, நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே அத்தையின் அழைப்பு. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, எடுத்தேன்.

"அந்த ரசீதைத் தபால்ல அனுப்பாத தம்பி. அடுத்த தடவை வரும்போது கையில கொண்டாந்து குடு. டின்னுல வைக்கணும்."